தூக்கிப் போடாதவர்

மடியில் இருப்பது வெடிபொருள் அன்று, ஐயா. பேருந்து கிளம்பியதிலிருந்து அதையே பார்த்துப் பார்த்து ஜன்னலோரம் ஒதுங்குகிறீர்கள், அதனால் சொல்கிறேன். இது ஆட்டப் பெட்டி. இந்தக் குமிழைப் பிடித்து அசைத்தால் திரையில் நிற்கும் வீரன் நடப்பான். இந்தப் பொத்தான்களை அழுத்தினால் அடிப்பான், உதைப்பான். ஆம், வீடியோ கேம்தான். சிரிக்க விரும்பினால் சிரித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் தமிழும் நன்னெறியும் போதிக்கிற ஒருவன், காதோரம் நரைத்த ஒருவன், இதை மடியில் வைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிறான் என்றால் சிரிப்பு வருவது இயல்பு. நானும் சிரிக்கிறேன். உங்களைப் பார்த்து அன்று. இந்தக் காலத்தைப் பார்த்து.

என்ன, உங்கள் மருமகனும் ஆடுகிறாரா? கல்யாணத்துக்கு முன்னால் சொல்லவில்லையா? சொல்ல மாட்டார்கள். இந்த ஆட்டம் ஆடுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாணயம் அற்றவர்கள். மீதிப் பேர் என்னைப் போன்றவர்கள். நாங்கள் சென்னைப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுகிறோம். ஏன் தோற்கிறோம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கேளுங்கள். உங்கள் மருமகனுக்குப் பயன்படும். என் பெயர் அறவாழி. அப்பா தேடித் தேடி வைத்த பெயர்.

சண்டை ஆட்டம் என்பது எளிது. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். செய்யக்கூடியவை மூன்றே. அடிக்கலாம். வருகிற அடியைத் தடுத்துக்கொண்டு நிற்கலாம். தடுத்துக்கொண்டு நிற்பவனை நெருங்கிப் பிடித்துத் தூக்கிப் போடலாம். அடியைத் தடுப்பு வெல்லும். தடுப்பைத் தூக்கு வெல்லும். தூக்க வருகிறவனை அடி வெல்லும். தூக்குவதற்கு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும்; அந்தக் கணத்தில் தூக்கப்படுகிறவனும் அதே இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டால் பிடி விட்டுப்போகும். ஆட்டத்தைச் செய்தவர்கள் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்கோ கடல் கடந்து குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள். நன்னெறி வகுப்பு அவர்களுக்கு யாரும் எடுத்ததில்லை.

நீங்கள் தலையாட்டுகிற விதத்திலேயே தெரிகிறது, புரியவில்லை என்று. பரவாயில்லை. இதை மட்டும் யோசித்துப் பாருங்கள். தடுத்துக்கொண்டு நிற்கிறவன் யாருக்கும் தீங்கு செய்யாதவன். வருகிற அடியை எல்லாம் பொறுத்துக்கொள்கிறவன். அப்படிப்பட்டவனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தரையில் அறைவது வீரமா? சொல்லுங்கள். நடுத்தெருவில் ஒருவர் கைகட்டி நிற்கிறார். அவரைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு ‘நான் ஜெயித்துவிட்டேன்’ என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

பாலக்கரையில் மாடி ஒன்றில் பெர்க்மான்ஸ் என்பவர் விளையாட்டுக் கடை வைத்திருக்கிறார். காசு போட்டு ஆடுகிற பெரிய மிஷின்கள் இருந்த காலத்திலேயே ஆரம்பித்தது. இப்போது கன்சோல்கள், நாற்காலிகள், ஒரு கண்ணாடிப் பெட்டியில் பஃப்ஸ். பெர்க்மான்ஸ் நல்ல மனிதர். சிந்திக்கிற பழக்கம் மட்டும் கிடையாது. ஆனால் அவர் கடைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. ‘இங்கு எதிரியைத் தூக்கிப் போடுதல் கூடாது. நிர்வாகம்.’ அவ்வளவுதான். ஐயா, நான் எத்தனையோ கோயில் சுவர்களில் எத்தனையோ வாசகங்கள் படித்திருக்கிறேன். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோது வந்த அமைதி எங்கும் வந்ததில்லை. 

அந்தப் பலகையின் கீழ் வளர்ந்தவன் நான். எனக்குத் திரையில் ஒரு துறவி உண்டு, கையில் கேடயம். நான் தடுப்பேன். வந்தவர்கள் அடிப்பார்கள், அடிப்பார்கள், அடித்துச் சலிப்பார்கள். சலித்த கணத்தில் ஒரு தவறு செய்வார்கள். அந்தத் தவறின் மேல் என் துறவியின் கேடயம் இறங்கும். கோட்டை என்று பெயர் வைத்தார்கள் எனக்கு. மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே, “கோட்டை வந்துருச்சுடா, எந்திரி எந்திரி” என்று நாற்காலியைக் காலி செய்வார்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே என்னை ஒருவரும் வென்றதில்லை.

ஆனால் இணையம் என்று ஒன்று வந்ததே. ஊர் பேர் தெரியாதவர்களோடு ஆடலாம். அதில் படிநிலைகள் வைத்திருக்கிறார்கள்: வெண்கலம், வெள்ளி, தங்கம், அதற்கு மேல் பிளாட்டினம், இன்னும் என்னென்னவோ. நான் வெகு விரைவில் தங்கத்துக்கு வந்தேன். வந்து, நின்றேன். எத்தனை ஆண்டு நின்றேன் என்று கேட்காதீர்கள். ஏறுவேன், தூக்குவார்கள், இறங்குவேன். மறுபடி ஏறுவேன்; மறுபடி தூக்குவார்கள். என் ஆட்டத்தில் குறை ஏதும் உண்டா என்று தேடினேன். பொறுமையாகத் தேடினேன், பொறுமையில் என்னை வெல்ல ஆளில்லை. குறை கிடைக்கவில்லை. அப்போதுதான் உண்மை விளங்கியது: தங்கம் என்பது நல்லவர்கள் நிற்கிற இடம். அதற்கு மேலே போகிறவர்கள் எதையோ கீழே போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆண்டுதோறும் சென்னையில் மாநிலப் போட்டி நடக்கும். ஊருக்கு ஓரிடம். திருச்சிக்கான அந்த ஓரிடம் என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை; யாரும் கேட்கவுமில்லை. ஐயா, எனக்குக் குடும்பம் அமையவில்லை. பள்ளியில் என்னை ஆசிரியர்கள் ‘நன்னெறி’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். ‘இந்த பீரியடு நன்னெறியை அனுப்புங்க’ என்பார்கள். சென்னையில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் ஒலிபெருக்கியில் ஒருவர் ‘திருச்சி, அறவாழி’ என்று முழுப் பெயரும் சொல்வார். அந்த ஒரு கணத்துக்காகப் பேருந்தில் ஆறு மணி நேரம் முதுகு நோகலாம், தவறில்லை.

பிறகு முதல் சுற்றில் தோற்பேன். போன ஆண்டு தோற்கடித்தவன் பெயர் ரித்விக். காதில் வளையம் போட்ட ஒரு பையன். மல்லன் ஒருவனை வைத்துக்கொண்டு என் துறவியைத் தூக்கினான், தூக்கினான், தூக்கிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் கை நீட்டினான்.

“அங்கிள், நான் தூக்குனப்ப ஒரு தடவ கூட த்ரோவ பிரேக் பண்ணலியே. ஏதாவது வேண்டுதலா?”

“கொள்கை” என்றேன்.

“ஓ. சாமி பேரா அது?” என்றான்.

இவர்களிடம் என்ன பேசுவது, சொல்லுங்கள்? ஊருக்குத் திரும்பியதும் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு கதை சொன்னேன். என் சொந்தக் கதை, நானே புனைந்தது. ஊர்க் குளத்தில் ஒருவன் நீந்துவான். அவனை மிஞ்ச ஊரில் ஆளில்லை. ஒருநாள் கடலுக்குப் போனான். அலை அடித்துப் புரட்டிக் கரையில் தள்ளியது. அவன் எழுந்து நின்று, ‘இந்தத் தண்ணீருக்கு ஒழுக்கம் இல்லை, இது ஏன் சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது’ என்று கடலைத் திட்டினான். மாணவர்களே, அலையைத் திட்டுகிறவன் என்றைக்கும் கரையில்தான் நிற்பான் என்று முடித்தேன். கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தலைமையாசிரியை கைகுலுக்கினார். அந்த ரித்விக்கைப் போன்றவர்களுக்கு யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் திருந்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் விஷயம். தஸ்லிமா என்று ஒரு பெண். கிரெடிட் கார்டு வேண்டுமா, லோன் வேண்டுமா என்று முன்பின் தெரியாதவர்களுக்கு நாள் முழுதும் போன் செய்கிற வேலை. உங்களுக்கும் செய்திருப்பாள், நீங்களும் திட்டியிருப்பீர்கள். வேலை முடிந்து மாலையில் பெர்க்மான்ஸ் கடைக்கு வருவாள். ஒரு குத்துச்சண்டைக்காரியை வைத்து ஆடுவாள். தடுக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். என்னிடம் தோற்பாள், மரியாதையாகத் தோற்பாள். பலகையை மீறியதே இல்லை. அவளும் இணையத்தில் தங்கம் வரைக்கும் வந்து அங்கேயே நின்றாள். எனக்கு அதில் ஒரு நிறைவு இருந்தது. தங்கம் நல்லவர்கள் நிற்கிற இடம் என்பதற்கு இரண்டாவது சாட்சி அல்லவா?

அந்தச் சாட்சி ஒரு மாலை என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது.”

“கேள்.”

“வெளிய ஆடுறவன் அம்புட்டுப் பேரும் தூக்குறான். நாம தூக்க வேணாம்ணே, அது சரி. அவன் தூக்குறப்ப தப்பிக்கவாவது கத்துக்கிட்டா என்ன?”

“தப்பிக்கவும் அதே இரண்டு பொத்தான்களைத்தானே அழுத்த வேண்டும்? விரல் ஒரு வழியைக் கற்றுக்கொண்டால், நாளை ஆளும் அந்த வழியே போய்விடுவான். வேண்டாம்” என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அறிவுரையை வெறுமனே கொடுத்தால் இவர்களுக்கு இறங்காது. கதையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஓர் அரண்மனைக்கு இரண்டு வாயில்கள் என்று தொடங்கினேன். ஒரு வாயிற்காவலன் இலை அசைந்தால் ஓடுவான், நாய் குரைத்தால் ஓடுவான். மற்றவன் மழை வந்தாலும் இடி விழுந்தாலும் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டான். எந்த வாயில் வழியாகப் பகைவன் நுழைந்தான், சொல் பார்க்கலாம்?

அவள் உண்மையாகவே யோசித்தாள். பிறகு கேட்டாள்: “அந்த நகராத காவக்காரன அப்படியே அலேக்கா தூக்கி ஓரமா வச்சுட்டு உள்ள போயிட்டா என்னண்ணே பண்றது?”

பெர்க்மான்ஸுக்குப் பஃப்ஸ் புரையேறிவிட்டது.

“கதையில் காவலனை யாரும் தூக்குவதில்லை” என்றேன்.

“அதாண்ணே நானும் சொல்றேன். கதையில தூக்க மாட்டாங்க.”

பாருங்கள், ஓர் உருவகத்தைக் கூடப் புரிந்துகொள்ள முடியாத தலைமுறை இது.

மறுநாளே தொடங்கிவிட்டாள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மூலையில் இருக்கும் கன்சோலில் பெர்க்மான்ஸை உட்காரவைத்துத் தன்னைத் தூக்கச் சொன்னாள். பலகை இருக்கிறதே என்று கேட்டேன். “இது ஆட்டம் இல்ல வாத்தியாரே, சும்மா பழகுறது” என்றார் பெர்க்மான்ஸ். சட்டத்தில் ஓட்டை போடுவதற்கு வக்கீல் படிப்பு வேண்டாம் போலும். ஒரு கையில் பஃப்ஸ், மறு கையால் தூக்கு. “இந்தாம்மா, தூக்கப்போறேன்... தூக்கிட்டேன். என்னம்மா நீ, சொல்லிட்டுத்தான தூக்குறேன், அப்பவும் விழுவுறியே?” என்பார். “சொல்லாம தூக்குங்கண்ணே, மெட்ராஸ்காரன் சொல்லிட்டா தூக்குவான்?” என்பாள் அவள். விழுவாள், எழுவாள், மறுபடி தூக்கச் சொல்வாள். அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் பார்த்தேன், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். தீமையை அறிந்துவைத்திருப்பது ஆசிரியனின் கடமை.

இணையத்திலும் அதே கதைதான். எதிரி தூக்க வருகிறானா என்று மட்டும் பார்ப்பாளாம். தூக்கினால் தப்பிக்கப் பார்ப்பாளாம். அடித்தால் அடி வாங்கிக்கொள்வாளாம். ஜெயிப்பது, தோற்பது எதைப் பற்றியும் கவலையில்லையாம். விளைவு? தங்கத்திலிருந்து வெள்ளி. வெள்ளியிலிருந்து வெண்கலம். நான் போய் ஆறுதல் சொன்னேன்.

“என்னம்மா, வெண்கலத்துக்கு வந்துவிட்டாயாமே?”

“ஆமாண்ணே, பாதாளத்துல இருக்கேன். காத்தோட்டமா இருக்கு.”

“தோல்வி உறுத்தவில்லையா?”

“காலையிலேர்ந்து ‘போனை வைம்மா’ன்னு திட்டு வாங்கிட்டு வர்றவ நான். இவனுங்க தூக்கித்தான் போடுறானுங்க, திட்டலையேண்ணே.”

உணர்ச்சியே இல்லை, ஐயா. தோல்விக்கு வெட்கப்படத் தெரியாதவர்களை எப்படித் திருத்துவது? அவளை வழிபாட்டுக் கூட்டத்தில் ஓர் உதாரணமாகவே சொன்னேன், பெயர் சொல்லாமல். இருந்ததை வைத்து நிறைவடையாமல் இழிந்த வித்தை பழகப்போய், இருந்ததையும் இழந்த ஒரு பெண் என்று. கைத்தட்டினார்கள்.

பிறகு அவள் ஏற ஆரம்பித்தாள். வெள்ளி வந்தது, தங்கம் வந்தது. கீழிருந்து வருவது எளிது, அங்கே படிகள் தாழ்வானவை என்று பெர்க்மான்ஸிடம் விளக்கினேன். தங்கத்தில் நிற்பாள் பாருங்கள் என்றேன். நிற்கவில்லை. பிளாட்டினம் என்று போட்டிருந்தது. அவள் போனில் கொண்டுவந்து காட்டினாள். இனிப்பு வேறு வாங்கி வந்திருந்தாள். ஒன்று எடுத்துக்கொண்டேன், மரியாதைக்காக.

அன்றைக்கே கேட்டுவிட்டாள். “அண்ணே, இந்த வருசம் மெட்ராஸுக்கு நானும் போகணும்னு ஆசைப்படுறேன். நீங்களும் நானும் ஆடிப் பாத்துக்குவோம். ஜெயிக்கிறவங்க போவோம். சரியாண்ணே?”

என் நாற்காலியை, ஐயா. இத்தனை ஆண்டில் ஒருவரும் கேட்காததை, இனிப்புக் கொடுத்த கையோடு கேட்கிறாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது? கோட்டை மறுக்குமா? பலகை இருக்கும்வரை அவள் கற்றது எதுவும் செல்லாது என்பது எனக்குத் தெரியும்.

பலகை இருக்கவில்லை. சென்னைக்காரர்கள் பெர்க்மான்ஸிடம் சொல்லிவிட்டார்களாம்: ஆள் தேர்வு செய்வதென்றால் பொது விதிப்படி ஆடவேண்டும், முழுவதையும் வீடியோ எடுத்து அனுப்பவேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு, அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஆணியிலிருந்து பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“பெர்க்மான்ஸ், நீங்கள் கழற்றுவது பலகையை அன்று. இந்தக் கடையின் அறத்தை” என்றேன்.

“அறமா?” ஸ்டூல் மேலேயே திரும்பினார். “வாத்தியாரே, அந்தக் காலத்துல ரெண்டு தடியனுங்க, ‘ஏன்டா தூக்குன’ன்னு சட்டயப் புடிச்சு மிஷின் கண்ணாடிய ஒடச்சுட்டானுங்க. மாத்துறதுக்கு ஆளு மெட்ராஸ்லேர்ந்து வரணும். தீவாளி நேரம் வேற, கடையே படுத்துருச்சு. அந்தக் கடுப்புல எழுதி மாட்டுனது இது. அறமாவது கிறமாவது. ஸ்டூலப் புடிங்க, ஆடுது.”

பிடித்துக்கொண்டேன். என்ன செய்வது, விழுந்துவிடுவார் அல்லவா? ஆனால் ஒன்று சொல்கிறேன், ஐயா. ஒரு நல்ல வாக்கியம் எழுதப்படுகிறபோது எழுதுகிறவனுக்கே அதன் பெருமை தெரிவதில்லை. பெர்க்மான்ஸ் கண்ணாடிக்காகத்தான் எழுதினார். என்றாலும் அவரை அறியாமல் அவர் கை அறத்தை எழுதிவிட்டது. அப்படித்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். வேறு எப்படி எடுத்துக்கொள்வது, சொல்லுங்கள்? அத்தனை ஆண்டும் ஒரு கண்ணாடிக்காகவா நான் தோற்றேன்?

அதை விடுங்கள்.

கடையில் நிற்க இடமில்லை. வழக்கமாக வருகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உட்கார்ந்தோம். அவள் சலாம் சொன்னாள். நான் வணக்கம் சொன்னேன். ஆட்டம் தொடங்கியது.

இப்போது நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் உலகத்தின் கயமை முழுவதும் இருக்கிறது. அவள் என்னைத் தூக்கவில்லை. ஒரு தடவை கூடத் தூக்கவில்லை. நடந்தாள். அவ்வளவுதான் செய்தாள். அவளுடைய குத்துச்சண்டைக்காரி மெதுவாக என் துறவியை நோக்கி நடந்து வருவாள். மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்தில் வந்து சும்மா நிற்பாள். சுவரில் பலகை இல்லை. ஆணி மட்டும் இருந்தது. தூக்கப்போகிறாளா? இப்போது தூக்குவாளா? அடுத்த கணம் தூக்குவாளா? தடுத்துக்கொண்டே இருந்தால் தூக்குவாள். ஆகவே தடுப்பை விட்டுத் துள்ளினேன். துள்ளிய துறவியை அடித்தாள். மறுபடி நடந்து வந்தாள். ஆகவே நான் முந்திக்கொண்டு அடித்தேன். அதைத் தடுத்துவிட்டு அடித்தாள். தடுப்பு என்னுடையது, ஐயா! நான் கற்றுக்கொடுத்த தடுப்பு! ஒரு குற்றத்தைச் செய்யாமல், செய்வேன் செய்வேன் என்று காட்டி மட்டுமே ஜெயிப்பது, செய்வதை விடப் பெரிய குற்றம் இல்லையா?

ஆனாலும் கோட்டை அவ்வளவு எளிதில் விழுமா? எப்படியோ சமன் செய்தேன். கடைசிச் சுற்று. திரையில் எனக்கும் உயிர்க்கோடு ஓர் இழைதான். அவளுக்கும் ஓர் இழைதான். யார் யாரைத் தொட்டாலும் முடிந்தது. அவள் நடந்து வந்தாள். நின்றாள். கடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த நாற்காலி தெரிந்தது, ஒலிபெருக்கி தெரிந்தது, ‘திருச்சி’ என்று சொல்லிவிட்டு வேறொரு பெயரைச் சொல்கிற குரல் கேட்டது.

அப்போது என் துறவி கேடயத்தைக் கீழே விட்டுவிட்டு அவளைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினான்.

நான் தூக்கவில்லை, ஐயா. துறவி தூக்கினான். இரண்டு பொத்தான்களும் அருகருகே இருக்கின்றன, பாருங்கள், இதோ, இதுவும் இதுவும். ஒன்றை அழுத்தப்போகிற விரல் மற்றொன்றின் மேலும் படுவது இயற்கை. அன்றைக்கு ஈரப்பதம் அதிகம். தவிர, பெர்க்மான்ஸ் பஃப்ஸ் தின்ற கையோடு எல்லாப் பெட்டிகளையும் தொடுகிறவர். பொத்தானில் எண்ணெய் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் தடவிப் பார்த்தேன். இருந்தது.

தூக்கினான்; ஆனால் போடவில்லை. அவள் விரல் எப்போது அசைந்தது என்றே தெரியவில்லை. பிடி விட்டுப்போயிற்று. துறவி இரண்டடி பின்னால் தள்ளாடினான். ஒரு குத்து. முடிந்தது.

“ஏய், வாத்தியார் தூக்கிட்டாருடா!” என்று எவனோ கத்தினான். அவள் ஜெயித்ததை ஒருவரும் கவனிக்கவில்லை, ஐயா. கடை முழுவதும் அதே பேச்சு. “கோட்ட தூக்கிருச்சு!” “நன்னெறி அவுட்டு!” என்று நாற்காலியைத் தட்டிச் சிரிக்கிறார்கள். பெர்க்மான்ஸ் வீடியோவைப் பின்னால் ஓட்டி ஓட்டி அந்த இடத்தையே காட்டினார். ஒரு மனிதனுடைய விரல் வழுக்கியதில் இத்தனை பேருக்கு இத்தனை மகிழ்ச்சி என்றால் நாடு எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே செருப்பைத் தேடினேன்.

மாடிப்படியில் அவள் என் பின்னாலேயே இறங்கி வந்தாள். பரிகசிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, நில்லுங்க. அந்தத் தூக்கு சரியான நேரத்துல வந்துச்சுண்ணே. சத்தியமா நான் எதிர்பாக்கல. கை தானா போயிருச்சு, இல்லன்னா செத்துருப்பேன்.”

“அது தூக்கு அன்று. விரல் வழுக்கல்.”

“சரிண்ணே, வழுக்கல். மெட்ராஸுக்கு இன்னும் நாள் இருக்கு. பெர்க்மான்ஸண்ணன் எப்ப தூக்குவாருன்னு இப்பல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருது, பஃப்ஸக் கீழ வைப்பாரு. நீங்க வந்து எனக்குத் தினமும் கொஞ்ச நேரம்... வழுக்குறீங்களா?”

எவ்வளவு துணிச்சல் பாருங்கள். ஆனாலும் யோசித்தேன். ஓர் இளம் பெண் தனியாக அந்தச் சென்னை மல்லர்களிடம் போய் நிற்கப்போகிறாள். ஊர்ப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. தீமை எந்தத் திசையிலிருந்து வரும் என்று நல்லவன்தான் காட்டவேண்டும். ஒப்புக்கொண்டேன். இரக்கத்தினால் ஒப்புக்கொண்டேன் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

மாலைதோறும் போனேன். அவளைத் தூக்கினேன். மனம் ஒப்பாமல்தான் தூக்கினேன். எந்தக் கணத்தில் தூக்கினால் அவளுக்குத் தெரியாது, எந்தக் கணத்தில் நடந்து வந்து சும்மா நின்றால் அவள் மிரளுவாள் என்றெல்லாம் அருவருப்போடு யோசித்து, அருவருப்போடு செய்தேன். பத்தில் பாதி அவளால் தப்பிக்க முடியவில்லை. “எப்படிண்ணே இப்படித் தூக்குறீங்க?” என்பாள். வெட்கமாக இருக்கும். சமமாக இருக்கட்டும் என்று அவளும் என்னைத் தூக்குவாள். முதலில் பேசாமல் விழுந்துகொண்டிருந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்றால், இந்த விரல்கள் இருக்கின்றனவே, இவை என்னைக் கேட்காமலே இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடியை விடுவித்துக்கொண்டன. நான் விரல்களைக் கண்டித்தேன். ஆனால் அடுத்த முறையும் அதையே செய்தன.

அவள் நேற்று மாலையே பெர்க்மான்ஸோடு ரயிலில் போய்விட்டாள். ஆட்டத்துக்கு முன்னால் பழக ஆள் வேண்டும், நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம். அதனால்தான் இந்தப் பயணம். நாளைக்கு ஒலிபெருக்கியில் ‘திருச்சி, தஸ்லிமா’ என்பார்கள். நான் பின்னால் நிற்பேன். முதல் சுற்றிலேயே அந்த ரித்விக்தானாம். அவன் எப்போது தூக்குவான் என்று எனக்குத் தெரியும். தூக்குவதற்கு முன்னால் அரையடி பின்னால் போவான். போன ஆண்டு வீடியோவை நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். அதை அவளிடம் சொல்லவேண்டும். மறக்காமல் சொல்லவேண்டும்.

என்ன கேட்கிறீர்கள்? என் படிநிலையா? இன்னும் தங்கம்தானா என்கிறீர்களா?

இல்லை, ஐயா. போன வாரம் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் சற்று நேரம் ஆடினேன். பிளாட்டினம் என்று வந்தது. பெர்க்மான்ஸ் கடையில் எல்லோரும் கேட்கிறார்கள், மகிழ்ச்சிதானே வாத்தியாரே என்று. நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். இதில் மகிழ என்ன இருக்கிறது? ஒரு காலத்தில் அந்தப் படிக்கு ஒரு மதிப்பு இருந்தது. இப்போது யார் யாரையோ ஏற்றிவிடுகிறார்கள்.